கம்பி வலைக்குப் பதிலாக வந்த உறுதிமொழி

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மணி,

இதை வாசிக்க முன்வந்த தங்களுக்கு முதலில் ஒன்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் பயின்றவன் அல்லன். எழுத்துக் கூட்டி வாசிக்க நானே கற்றேன். கையில் அகப்பட்ட நூல்களைப் பார்த்து வசனம் எழுதவும் நானே பழகினேன். ஆதலால் என் நடையில் குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டும். விஷயத்தில் குற்றம் இருப்பின் பொறுக்க வேண்டியதில்லை.

முப்பதுகளின் நடு ஆண்டுகளில், இலங்கையில் கண்டிக்கு அருகே தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நாங்கள் ஸ்டோர் என்று அழைத்த தொழிற்சாலையில் நான் வேலை செய்தேன். கொழுந்து வாட்டும் மேல்மாடியே என் இடம். கொழுந்தைப் பரப்பும் தட்டுகள் சாக்குத் துணியால் இழுத்துக் கட்டப்பட்டவை; அவை கிழிந்தால் மெழுகிட்ட சாக்கு நூலால் தைப்பதும் என் பொறுப்பாக இருந்தது. கீழ்த்தளத்தில், வாட்டிய கொழுந்தை உருட்டும் ரோலர்களுள் ஒன்றை என் அக்காளின் கணவர் ஓட்டினார். நான் எழுதப் புகுந்தது அவருடைய வலக்கையைப் பற்றியும், அந்தக் கையை நம்பி அக்காளும் மூன்று பிள்ளைகளும் குடியிருந்த, தொழிலாளர் வரிசை வீடாகிய லயத்தின் அறையைப் பற்றியுமே ஆகும். ஸ்டோரில் வேலை செய்ய இயலாதவனுக்கு லயத்தில் அறை இல்லை என்பது எழுதப்படாத விதி.

ரோலர்களுக்கு மேலே நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து இறங்கி வரும் தோற்பட்டிகளே ரோலர்களை இயக்குவன. மழை ஈரத்தில் பட்டி வழுக்கும். அவ்வாறு வழுக்கினால், ரோலர்க்காரர் குங்கிலியத் தூளை உள்ளங்கையில் அள்ளி, ஓடும் பட்டியின் உட்புறத்தில் வீச வேண்டும். பட்டியின் இரு முனைகளையும் இணைக்கும் இரும்புப் பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் கைக்கு ஒரு சாண் தூரத்தில் பறந்து போகும். அந்தப் பட்டிகளுக்குக் கம்பி வலை அடித்துத் தரும்படி இரண்டு வருஷமாகக் கேட்டு வந்தோம். வலை வரவில்லை, காகிதம் வந்தது.

அதற்குச் சிறிது முன்னர், இயந்திரத்தில் கை போனவனுக்குத் தோட்டமே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாகக் கண்டிக் கடைகளில் பேசிக்கொண்டார்கள். சட்டத்தின் பேச்சு முந்தியது, காகிதம் பிந்தியது. இந்த வரிசையைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; நான் அன்றே வைத்துக்கொண்டேன்.

காகிதத்தைக் கொண்டுவந்தவர், ஸ்டோரை நடத்தும் மேற்பார்வையாளரான எங்கள் டீமேக்கர். யாழ்ப்பாணத்தவர், கிறிஸ்தவர், வெள்ளைக் காற்சட்டையில் தேயிலைத் தூசி ஒட்டாமல் நடக்கத் தெரிந்த மனிதர். கண்டியில் யாரோ ஒரு கனவான் நற்குணப் போதனையைப் பற்றிச் செய்த பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தார். வந்த மறுநாளிலிருந்து, இயந்திரத்தை முடுக்குமுன் எங்களை வரிசையாக நிறுத்திப் பத்து நிமிஷம் பேசலானார்.

“கவனம் எண்டது ஒரு குணம். நேர்மை மாதிரி, பொறுமை மாதிரி. ஆரும் உங்களை வெருட்டிக் கவனமா வைச்சிருக்க ஏலாது. நீங்களா மனம் விரும்பி வரவேணும். விளங்குதே?”

“விளங்குதுங்க ஐயா,” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். அக்குரலில் விளக்கம் ஒன்றும் இராது.

ஐந்து விதிகள் இருந்தன. ஓடும் பட்டியைத் தாண்டக்கூடாது, சுழலும்போது கையை உள்ளே விடக்கூடாது என்பன போன்றவை அவை. ஐந்தாவது, வளையல், மோதிரம், மணிக்கட்டு நூல் எதுவும் அணிந்துகொண்டு ரோலர் அருகே நிற்கக்கூடாது என்பது. இவற்றை ‘என் சுய விருப்பத்தின்படி’ கடைப்பிடிப்பேன் என்று ஒவ்வொருவனும் பெருவிரல் அடையாளம் இட வேண்டும். அன்றியும், சுவரில் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டு, அதற்கு நற்குணப் பலகை என்று பெயரிட்டார். விதி மீறியவனின் பெயருக்கு நேரே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு விழும். ஒரு வாரம் சென்றபின் நான் கண்டது யாதெனில், காயங்கள் குறையவில்லை, காயத்தைச் சொல்வோர் குறைந்தனர். சல்லடை அறையில் ஒருவன் பெயர்ந்த நகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, “வீட்டுல கதவு நசுக்கிருச்சுங்க” என்றான். அவன் வீட்டில் கதவாகத் தொங்கியது ஒரு சாக்கு என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

என் மச்சான் வாயை அடக்கத் தெரியாதவர். ஒரு நாள் வரிசையில் நின்றபடியே கேட்டார்.

“ஐயா, தொரையும் இந்த உறுதிமொழி எடுப்பாருங்களா?”

“ஏன், துரை மிசின் ஓட்டுறவரே?”

“இல்லைங்க. ஓட்டுறவன் கையை வைக்கக்கூடாதுன்னு ஒரு பேப்பர் இருக்கு. ஓட்டச் சொல்றவரு வலையை வைக்கணும்னு ஒரு பேப்பர் இருக்கான்னு கேட்டேன்.”

வரிசை முழுதும் சிரித்தது. டீமேக்கரும் சற்றே சிரித்தார். பிறகு இயந்திரத்தை முடுக்கச் சொன்னார்.

ஸ்டோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்த தொழிலாளி நான் ஒருவனே. ஆகையால் எல்லோருக்கும் உரக்க வாசிக்கும் பணி என்னிடம் வந்தது. பழகிக்கொள்ளும்படி ஒரு பிரதியை என்னிடமே கொடுத்தார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீசு. இரண்டு பக்கமும் ஒன்றா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். ஒன்றேயானால் இரண்டு எதற்கு என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். அரசாங்க அலுவலகமாகிய கச்சேரிக்கு எதிரே, மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டு மனு எழுதிக் கொடுக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். ஞாயிறு விடுமுறை ஆதலால் அவரை அவருடைய வீட்டு வாசலில் தேடிப் பிடித்தேன்.

“யார்ட மேல பெட்டிசன்?” என்றார்.

“பெட்டிசன் இல்லைங்க. இதை வாசிச்சுச் சொல்லணும்.”

கண்ணாடியை மூக்கில் ஏற்றி இங்கிலீசுப் பக்கத்தை மெல்ல வாசித்தார். தமிழ்ப் பக்கத்தையும் வாசித்தார். பின்னர் விரலை ஓரிடத்தில் வைத்தார்.

“இங்க ஒரு வரி கூட ஈக்குது தம்பி. ‘இந்த விதிகள் எனக்கு விளங்கப்படுத்தப்பட்டன, நான் விளங்கிக்கொண்டேன்.’ தமிழ்ப் பக்கம் அது இல்ல.”

“அது கெடுதலுங்களா?”

“கெடுதல்னு செல்ல ஏலா. விளங்கினதைத்தானே விளங்கினேன்னு செல்றீங்க.” காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். “இது பெருவிரல் வைக்கிற ஆளுக்கு நல்லதுதான். வைக்கச் செல்ற ஆளுக்கு இன்னும் நல்லது.”

எழுத்துக்கூலி வாங்க மறுத்து, தேநீர் தந்து அனுப்பினார். வழி நெடுக அந்த ஒரு வரியையே எண்ணிக்கொண்டு வந்தேன். கை போனவன் சட்டத்தைக் காட்டுவான். தோட்டம் இக்காகிதத்தைக் காட்டும். ‘விளங்கியும் மீறினான், தன் விருப்பத்தால் எடுத்த உறுதியைத் தானே முறித்தான்’ என்று சொல்லும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம் என்று முடிவு செய்தேன். இன்றும் அந்த முடிவைக் கைவிடவில்லை.

அன்று மாலை மச்சானின் அறையில் ரோலர்க்காரர் ஆறு பேரும் கூடினர். நான் அந்த வரியைச் சொன்னேன். பெருவிரல் வைக்காவிட்டால் ரோலரிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று ஒருவர் அஞ்சினார். வைத்தால் கழுத்துக்குக் கயிறு என்று மற்றொருவர் சொன்னார். அப்போது மச்சான் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“வைக்கவும் வைப்போம், வைக்காத மாதிரியும் இருப்போம். அம்மனுக்குக் காப்புக் கட்டினவன் வேற சத்தியம் செஞ்சா அது செல்லுமா? செல்லாதுல்ல?”

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன், காப்பு அவிழும்வரை அம்மனுக்கே கட்டுப்பட்டவன்; தோட்டத்து எல்லையைத் தாண்டமாட்டான், சாவு வீட்டில் கால் வைக்கமாட்டான், வேறு நேர்த்தி ஏற்கமாட்டான். இது எங்கள் வழக்கம். காப்போடு இட்ட பெருவிரல் தம்மைக் கட்டாது என்பது அவர்கள் கண்ட வழி.

“மாப்ள, நீ படிச்சவன். பொஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு?” என்று மச்சான் என்னைக் கேட்டார்.

அவ்வாறு நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆயினும் ஆறு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தனர். “ஆமாம், அப்படித்தான்,” என்றேன்.

ஆனால் திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பெருவிரல் வைப்பதோ மறுநாள் காலையில். கோயில் நூலைப் பூசாரி முன்கூட்டித் தரமாட்டார். கோயில் நூல் மெல்லிய பருத்தி. நாலு இழையாக முறுக்கினும் இழுத்த இழுப்பில் அறுந்துவிடும். அது கிடைக்காத காரணத்தால், நான் மேல்மாடிக்குச் சென்று, தட்டுத் தைக்க எனக்கு அளந்து தந்திருந்த மெழுகிட்ட சாக்கு நூலில் ஆறு துண்டு வெட்டி வந்தேன். அக்காள் மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். ஆறு மணிக்கட்டுகளிலும் நானே கட்டினேன்.

மறுநாள் மேசையும் மைத்தட்டும் வைத்துக்கொண்டு டீமேக்கர் அமர்ந்திருந்தார். முதலில் வந்த மச்சானின் கையைப் பிடித்து மையில் அழுத்தியவர், நூலைக் கண்டு நிறுத்தினார்.

“இதென்ன?”

“காப்புங்க. அம்மனுக்கு.”

“திருவிழா அடுத்த கிழமை எல்லோ?”

“ரோலர் ஆளுங்க முன்னாடியே கட்டிக்கிறதுங்க.”

டீமேக்கர் மற்ற ஐவரின் கைகளையும் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்து, “அஞ்சாம் விதியை வாசியும்,” என்றார். உரக்க வாசித்தேன்.

“கேட்டனீரோ? கழட்டுமன்.”

“கழட்டுனா அம்மை வாத்துரும் ஐயா. வீட்டுல மூணு பிள்ளைங்க இருக்குதுங்க.”

அவர் தலை நிமிர்த்தி மேல்மாடிப் பக்கம் பார்த்தார். மேல்மாடியில் கொழுந்து வாடி முடிந்து, கீழே இறங்கக் காத்திருந்தது, தாமதித்தால் புளித்துப்போகும்.

“இது கட்டாயம் இல்லை எண்டு நான்தானே நெடுகச் சொல்லிக்கொண்டு வாறன். மனம் விரும்பாமல் கழட்டி என்ன பலன்? சரி, திருவிழா முடியட்டும். அதுவரைக்கும் கவனமா நில்லுங்கோ.”

ஆறு பெருவிரல்களும் காகிதத்தில் பதிந்தன. ஆறு பேரும் வெளியே வந்து ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டனர். டீமேக்கரின் பொறுமை மெய்யான பொறுமையா, கொழுந்து புளித்துவிடும் என்ற அவசரமா என்று நான் அன்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் வெட்டிய நூலைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் முற்பகல் நல்ல மழை. பட்டி வழுக்கியது. மச்சான் குங்கிலியத்தை அள்ளி வீசினார். காப்பின் முடிச்சுக்கு அப்பால் நான் வெட்டாமல் விட்டிருந்த நூல்முனை பட்டியின் இரும்புப் பல்லில் சிக்கியது. கோயில் நூலாயின் அங்கேயே அறுந்திருக்கும். இந்த நூல் அறவில்லை. கையை, தண்டில் பட்டி சுற்றியோடும் சக்கரமாகிய சில்லுவரை இழுத்துச் சென்றது. மேலே இருந்த எனக்கு முதலில் கேட்டது பட்டியின் ஓசை மாறியது. அதன்பின்தான் அவருடைய குரல். பக்கத்து ரோலர்க்காரர் தடியால் பட்டியைத் தள்ளிவிட்டார். நான் படி இறங்கி வந்தபோது, டீமேக்கர் தம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெருவிரலும் அதற்கடுத்த விரலும் போயின. மற்ற மூன்றும் மடங்கா.

இனி நிகழ்ந்ததைத் தாங்களே ஊகிக்கலாம். விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் கண்டியிலிருந்து வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு வருஷமாகக் கிடைக்காதிருந்த கம்பி வலை ஒரே காலையில் வந்து இறங்கி, மாலைக்குள் எல்லாப் பட்டிகளுக்கும் அடிக்கப்பட்டது. புதிய வலைக்கு அவசரமாகக் கருஞ்சாயம் பூசப்பட்டது. பழையதுபோல் தோன்றவேண்டும் என்பது நோக்கமோ, துருவைத் தடுப்பது நோக்கமோ, நான் அறியேன்.

விசாரணையன்று காலையில் அக்காள் என்னைத் தனியே அழைத்தாள்.

“உங்க மச்சான் வேணும்னே விதியை மீறினாருன்னு எழுதிட்டா ஒண்ணும் கிடைக்காதாமே. லயத்தையும் காலி பண்ணணுமாமே. வாசிச்சவன் நீதான்னு உன்னைத்தான் கேப்பாங்களாம். பாத்துப் பேசு தம்பி. எங்க வீடு உன் நாக்குல இருக்கு.”

ஸ்டோரின் அலுவல் அறையான கந்தோரில் உத்தியோகத்தர் நடுக்கதிரையில் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். டீமேக்கர் சுவரோரம் நின்றார். மேசைமேல் பெருவிரல் பதித்த காகிதமும், இரத்தம் உலர்ந்து கறுத்த நூலும் இருந்தன.

“இந்த விதிகளை வாசித்துக் காட்டியவர் நீர்தானா?”

“ஆமாங்க.”

“ஐந்தாம் விதியையுமா?”

“ஆமாங்க. பெருவிரல் வைக்கிற அன்னைக்கும் வாசிச்சேன். ஐயாதான் வாசிக்கச் சொன்னாரு.”

“ஏன் மறுபடி வாசிக்கச் சொன்னார்?”

“கையில நூலைப் பாத்துட்டுங்க.”

உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டு டீமேக்கரைத் திரும்பிப் பார்த்தார். “நீர் கண்டீரா?”

“ஓம், கண்டனான்.”

“கண்டும் ரோலரில் நிற்க விட்டீரா?”

“விட்டனான். விருப்பத்துக்கு விட்ட காரியம் எண்டு நினைச்சன்.”

உத்தியோகத்தர் சற்று நேரம் எழுதினார். தொழிலாளி தன்னிச்சையாக மீறினான் என்ற பேச்சு அந்த நிமிஷத்தோடு முடிந்துவிட்டது என்பதை அவர் முகத்திலிருந்து அறிந்தேன். மேலதிகாரி கண்டு அனுமதித்த பின் அது மீறல் ஆகாது. அக்காளின் அறை தப்பியது. அப்போது அவர் நூலை எடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார்.

“கோயில் காப்பு இவ்வளவு பலமாக இருக்குமா? இது எங்கிருந்து வந்தது?”

“ஸ்டோருல கிடக்கிற நூலுங்க,” என்றேன்.

அது பொய் அன்று. ஆனால் அந்த நூல் ஸ்டோரில் கிடப்பதில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டு, தட்டுத் தைக்கும் ஒருவனுக்கு மட்டும் அளந்து கொடுக்கப்படும். அளந்து கொடுப்பவர் டீமேக்கர். அவர் சுவரோரத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உத்தியோகத்தர் அவரிடம், “வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றார் டீமேக்கர்.

நட்டஈடு கிடைத்தது. மச்சானுக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். அவர்கள் அறையை விட்டு எழும்பவில்லை. டீமேக்கரை அடுத்த மாதமே அனுப்பிவிட்டார்கள். அவர் வேறு எங்கே போனார் என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. நற்குணப் பலகையைத் துடைத்து, அதில் கொழுந்து நிறையை எழுதலானார்கள்.

நூல் வெட்டியவன் நானென்பதை அந்த ஆறு பேரும் அறிவார்கள், அக்காளும் அறிவாள். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. மச்சான் மட்டும், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என்னைக் கண்டால், மூன்று விரல் கையை உயர்த்தி, “வாங்க மாப்ள! நீ தைச்ச தட்டெல்லாம் கிழியுது, நீ கட்டுன காப்பு மட்டும் அறுந்துபோகவே இல்லையே!” என்பார். நாலு பேரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் அவருடன் சேர்ந்து சிரிக்க ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை.

டீமேக்கர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை வெகுகாலம் யோசித்தேன். என்மீது இரக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். இரக்கத்தை அவ்வளவு இலகுவாக நம்பும் பழக்கம் எனக்கு வாய்க்கவில்லை. நூலை அளந்து கொடுத்த பொறுப்பும் தம்மேல் விழும் என்று அஞ்சினாரோ? இரண்டு வருஷமாக நாங்கள் கேட்ட வலைக்கு, துரைக்கு அவர் ஒரு கடிதமேனும் எழுதியதுண்டா என்ற கேள்வி வரும் என்று அஞ்சினாரோ? அன்றேல், காவிய நூல்களில் வருவதைப்போல் மெய்யாகவே நற்குணம் படைத்த ஒரு மனிதரை நான் கண்டும் அறியாது போனேனோ? எது உண்மை என்று என்னால் இன்னும் துணிய முடியவில்லை. காகிதத்தின்மேல் நான் கொண்ட சந்தேகம் பிழையன்று. ஆனால் காகிதத்தை உற்றுப் பார்த்த கண்ணால் என் கையிலிருந்த நூலை நான் பார்க்கவில்லை. வலை இல்லாத இடத்தில் உறுதிமொழி கேட்டவர்களும், உறுதிமொழியை ஏய்க்க நூல் கொடுத்தவனும் சேர்ந்துதான் அந்த இரண்டு விரல்களை எடுத்தோம்.

கண்டியில் எங்கோ ஓர் அலுமாரியில் அந்த விசாரணைக் கோப்பு இருக்குமாயின், அதில் டீமேக்கரின் தவறு மட்டுமே எழுதியிருக்கும். என்னுடையது அதில் இல்லை; இதில்தான் இருக்கிறது. ஆகவே, ஐயா, அம்மணி, இந்த எழுத்தைக் கழித்துவிடாமல் வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.